முதுகில் காயும் ஓரிடம்

கத்திரி வெயிலில் காரைக்குடிப் பக்கம் கட்டட வேலை பார்ப்பவர்கள் மதியச் சோற்றுக்கு நிழல் தேடி உட்காரும்போது, முதுகெல்லாம் வியர்வை ஓடும். அப்படி நனைந்த முதுகில் உள்ளங்கையளவு ஓரிடம் மட்டும் காய்ந்து, கொஞ்சம் வெளுத்தோ சிவந்தோ தெரிந்தால், ஏதோ தேமல் என்று விட்டுவிடாதீர்கள்.

மானாமதுரைப் பானையில் தண்ணீர் குளிர்வது, அதன் மேனியில் கசியும் நீர் காற்றில் ஆவியாவதால்தான். வெளியே பெயிண்ட் பூசிவிட்டால் குளிராது. நம் உடம்பிலும் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. வியர்வை குறைந்துபோனால் ஹைப்போஹைட்ரோசிஸ், அறவே நின்றால் அன்ஹைட்ரோசிஸ் என்று மருத்துவச் சீட்டில் எழுதுவார்கள். சிலருக்கு இது பிறவிக் குறை. சிந்து தேசத்துக் குடும்பம் ஒன்றில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள் பல்லும் முடியும் குறைந்து, கோடையில் தோல் வறண்டு தவித்ததை டார்வின் 1875-ல் எழுதியிருக்கிறார். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்தால், பாதம் வியர்க்காமல் வறண்டு வெடித்துப் புண்ணாகும்.

ஆனால் முதுகில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் முதலில் தொழுநோயை நினைக்க வேண்டும். அதன் கிருமி நரம்பைத் தாக்கும். தோலுக்குள் ஓடும் நுண்நரம்புகள் கெட்டதும் அந்த இடத்தில் வியர்வை நிற்கிறது, ரோமம் உதிர்கிறது, தொட்டால் தெரிவதில்லை. வலியோ அரிப்போ இருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். இரண்டும் இல்லாததால் விரல் மடங்கும்வரை நாள் ஓடிவிடுகிறது. மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க, ஒருவர் விரலை இழப்பது எனக்குத் தாங்கவில்லை.

பானைக்குப் பேர்போன அதே மானாமதுரையில்தான் தயாபுரம் மருத்துவமனை தலைமுறை தாண்டித் தொழுநோயாளிகளைப் பார்த்துவருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் பயமும் போய்விடும். ஒதுக்கிவைக்க ஒரு காரணமும் இல்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு, வேலை முடிந்து வியர்த்து வரும் நேரமே நல்லது. ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் எளிது. கண்ணை மூடச் சொல்லி, அந்த இடத்தைப் பேனா முனையால் லேசாகத் தொடுவார்கள். தொட்டது தெரியவில்லை என்றால், அன்றே சிகிச்சையைத் தொடங்கவும் முடியும்.