படை விடுத்தலும் படை மீட்டலும்

நம் கோயில்களில் உள்ள தெய்வ வடிவங்களுள் கையில் படைக்கலம் ஏந்தாதவை மிகச் சிலவே. முருகன் கையில் வேல். சிவன் கையில் சூலமும் மழுவும். திருமால் கையில் சக்கரமும் கதையும். காளியின் கையில் வாள். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டியின் கையில் அரிவாள். அன்பும் அருளுமே தெய்வத்தின் இலக்கணம் என்று கூறும் நாம், அத்தெய்வத்தின் கையில் கொல்லும் கருவியைக் கொடுத்து வணங்குவது ஏன்? இவ்வினாவைச் சிறுவர்கூடக் கேட்கின்றனர். கேட்பது குற்றமன்று, விடை கூறாது அதட்டி அடக்குவதே குற்றம்.

நம்மவர் இதற்கு இரண்டு விடைகள் கூறுவதுண்டு. படைக்கலங்கள் யாவும் உருவகங்களே என்பது முதல் விடை. விஷ்ணு புராணம் திருமாலின் சக்கரத்தை மனம் என்றும், கதையைப் புத்தி என்றும், வாளை ஞானம் என்றும், அவ்வாளை மறைக்கும் உறையை அஞ்ஞானம் என்றும் விரித்துரைக்கின்றது. முருகனின் வேலும் அறிவின் வடிவே என்பர்; கூர்மை, அகலம், நீளம் ஆகிய மூன்றும் அறிவுக்கு வேண்டுவன அன்றோ! இவ்விளக்கம் அழகியதே. ஆயினும் இது தெய்வத்தின் கையிலுள்ள படையைப்பற்றிப் பேசுகின்றதேயன்றி, மனிதன் கைக்கு அப்படை வந்தால் அவன் என் செய்வான் என்பதைப்பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது விடை வீண்பெருமையிற் பிறந்தது. பிரமாத்திரம் என்பதே இன்றைய அணுகுண்டு. மேனாட்டார் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மேடையதிர முழங்குவோர் உளர். இதற்கு மண்ணைத் தோண்டிக் கண்ட சான்று உண்டா? செய்முறை கூறும் நூல் உண்டா? இரண்டும் இல. உண்டென்றே வைத்துக்கொண்டாலும், ஊரை எரிக்கும் கருவியை முதலில் செய்தவர் நாமே என்பது மார் தட்டுதற்குரிய செய்தியா?

இப்பெருமையைப் பாரதமே கண்டிக்கின்றது. தவஞ்செய்து பாசுபதமும், இந்திரலோகம் சென்று பிற தெய்வப்படைகளும் பெற்ற அருச்சுனன் தன் உடன்பிறந்தாரிடம் திரும்புகிறான். அப்படைகளைக் காட்டுமாறு தருமன் விரும்பிக் கேட்கிறான். அவனும் காட்டத் தொடங்குகிறான். உடனே நிலம் நடுங்குகின்றது, உயிர்கள் துடிக்கின்றன. நாரதர் விரைந்து வந்து, இலக்கு இன்றி இவற்றைத் தொடாதே என்று தடுக்கிறார். வேடிக்கைக்கும் விளம்பரத்திற்கும் உரியதன்று படைக்கலம் என்பது இதனால் விளங்கும். கதையில் வரும் வீரனுக்கே கூடாத காட்சி, கதையை மட்டும் கேட்ட நமக்கு எங்ஙனம் தகும்?

படை யாருக்கு உரியது?

உருவகம் என்று கூறி அமைதலும், விஞ்ஞானம் என்று கூறிச் செருக்குதலும் ஆகிய இரண்டையும் விடுத்து, கதை எழுப்பும் வினாவையே நாம் கேட்போமாக. அழிக்கும் வல்லமையைக் கையில் வைத்திருக்க எவனுக்குத் தகுதி உண்டு? இதற்குப் பாரதத்தின் சௌப்திக பருவத்தைவிடத் தெளிவாக விடை கூறும் இடம் வேறில்லை என்பது நம் கருத்து.

துரோணருக்குப் பிரமசிரம் என்னும் அத்திரம் தெரியும். அதனை முதலில் அருச்சுனனுக்கு அளித்தார். அவர் மகன் அசுவத்தாமன் பொறாமை கொண்டான். தனக்கும் வேண்டுமென்று நச்சரித்தான். மகனின் இயல்பை அறிந்திருந்தும் தந்தை மனமின்றிக் கொடுத்தார். எத்துணை இடர் வந்தாலும் மனிதர்மீது இதனை ஏவலாகாது என்னும் கட்டளையையும் உடன் கொடுத்தார். கட்டளை காதோடு நின்றது.

இவ்வசுவத்தாமன் ஒருமுறை துவாரகைக்குச் சென்று, பிரமசிரத்தைத் தருகிறேன், உன் சக்கரத்தைத் தா என்று கண்ணனிடம் பேரம் பேசினான். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றான் கண்ணன். இடக்கையால் பற்றினான், அசையவில்லை. வலக்கையால் பற்றினான், அப்போதும் அசையவில்லை. இதைக்கொண்டு யாரோடு போர் செய்ய எண்ணினாய் என்று கேட்டபோது, உன்னோடுதான் என்று விடை கூறினான். கொடுப்பவனையே கொல்லக் கருவி கேட்கும் மனத்தின் வறுமையை இதனினும் சுருக்கமாகக் காட்டல் அரிது.

போர் முடிந்த இரவில், உறங்கிக்கொண்டிருந்த பாசறையுட் புகுந்து திரௌபதியின் மைந்தர் ஐவரையும் கொன்றவன் இவனே. பாண்டவர் துரத்திவர, பீமனைக் கண்டு அஞ்சி, ஒரு புல்லைக் கிள்ளி அதில் பிரமசிரத்தை ஏற்றி, பாண்டவர் குலம் அழிக என்று விடுத்தான். கண்ணன் ஏவ, அருச்சுனனும் அதே படையை விடுத்தான். ஆனால் விடுக்கும்போது அவன் நினைத்தது வேறு. ஆசிரியர் மகனுக்கும் நலமாகுக, எங்களுக்கும் நலமாகுக, படையால் படை தணிக என்று எண்ணி விடுத்தான். இரு தீயும் வானில் எழுந்தன. உலகம் பொறுக்காது என்று வியாசரும் நாரதரும் இடையே வந்து நின்றனர்.

முனிவரைக் கண்டதும் அருச்சுனன் தன் படையை மீட்டுக்கொண்டான். அசுவத்தாமனால் இயலவில்லை. பீமனுக்கு அஞ்சி, உயிரைக் காக்கச் சினத்தோடு விடுத்தேன், மீட்க இயலேன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். தன்னை அடக்காதவன் அதனை மீட்கப் புகின் அது அவன் தலையையே கொய்யும் என்று கதை கூறுகின்றது. எங்கேனும் விழுந்தே தீரவேண்டிய அப்படையை அவன் பாண்டவர் மகளிரின் கருவின்மேல் திருப்பினான். போரையே அறியாத சிசு உத்தரையின் வயிற்றில் கருகியது. கண்ணன் அருளால் அது பின்னர் உயிர்பெற்றது என்பது கதை.

இருவரும் ஒரே ஆசிரியரின் மாணாக்கர். இருவர் படையும் ஒன்றே. ஒருவனுக்கு விடுக்கவும் மீட்கவும் தெரியும். மற்றவனுக்கு விடுக்க மட்டுமே தெரியும். படைக்கலத்திற்குத் தகுதி எது என்பதற்கு விடை இதிலேயே அடங்கிற்று.

பிறப்பா, அடக்கமா?

ஈண்டு மற்றொன்றையும் நாம் மறைக்காது கூறவேண்டும். கர்ணன் பிரமாத்திரம் கேட்டபோது இதே துரோணர் மறுத்தார். நோன்பு காத்த அந்தணனும், தவஞ்செய்த அரசகுலத்தானுமே இதனை அறியத் தக்கவர் என்றார். தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்தவனுக்குக் கதவு அடைபட்டது. அவன் பரசுராமரிடம் அந்தணன் என்று பொய் கூறிக் கற்றான். பொய் வெளிப்பட்டபோது, வேண்டிய வேளையில் மறந்துபோகும் என்னும் சாபத்தைப் பெற்றான்.

பிறப்பைக் காட்டிக் கல்வியை மறுக்கும் இக்கொடுமையை எவ்வகை விளக்கமும் நியாயமாக்க மாட்டாது. ஆனால் கதை எங்கே போய் முடிகின்றது என்று பாருங்கள். குலத்தால் தகுதி உண்டென்று கருதப்பட்ட அந்தண மைந்தனே படையை மீட்க இயலாது நின்றான், கருவை எரித்தான். குலமே தகுதி என்னும் வாதத்தைத் துரோணரின் வீட்டுப் பிள்ளையே பொய்யாக்கிவிட்டான். தன்னடக்கம் பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது. ஆகவே எக்குலத்தாருக்கும் அது இயலும். எக்குலத்தாரும் அதில் தவறக்கூடும்.

1945ஆம் ஆண்டின் பாடம்

இது பழங்கதைதானே என்பாருக்கு நம் காலத்துச் செய்தி ஒன்று கூறுவோம். 1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. அதனைச் செய்த அறிஞர் குழுவின் தலைவர் ஓப்பன்ஹைமர். அவர் சமஸ்கிருதம் கற்றுக் கீதையை மூலத்திலேயே படித்தவர். அவ்வெடிப்பைக் கண்டபோது கீதை தம் நினைவுக்கு வந்ததென்று பின்னாளில் கூறினார். ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாகியும் எரிந்தன. தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளையும் கதிர்வீச்சு விடவில்லை. அவர்களுட் சிலர் தலை சிறுத்து, மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தனர். முன்னோர் இதனை முன்கூட்டி அறிந்தனர் என்று நாம் கூறவில்லை. அளவற்ற படை தனக்குப் பகையில்லாதவரையும் தேடிச் சென்று சேரும் என்பதை அவர்கள் சிந்தித்திருந்தனர் என்றே கூறுகிறோம்.

மலாயாத் தமிழருக்கு இதில் ஓர் இக்கட்டு உண்டு. 1942 முதல் ஜப்பானியர் ஆட்சியில் நம் மக்கள் பட்ட பாடு சிறிதன்று. சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் ஆயிரமாயிரவர் திரும்பவில்லை. அக்குண்டு விழுந்த சில நாட்களில் ஜப்பான் பணிந்தது. நம் துன்பமும் தீர்ந்தது. ஆதலின் அது நல்லதே என்று கூறிய பெரியவர் பலர். அவர்தம் துயரை அறிந்த எவரும் அவரைப் பழிக்கமாட்டார். எனினும், விடுதலை கிடைத்ததென்று மகிழ்வது வேறு. விடுத்த படை அறமுடையது என்று தீர்ப்புக் கூறுவது வேறு. நம்மைச் சயாமுக்கு அனுப்பியவன் நாகசாகியில் கருவிலிருந்த குழந்தை அன்று.

அப்படையை மீட்க முயன்ற கதையும் உண்டு. 1949ஆம் ஆண்டு, அதனினும் கொடிய நீரகக் குண்டைச் செய்யவேண்டா என்று ஓப்பன்ஹைமர் தலைமையிலிருந்த ஆலோசனைக் குழு கூறிற்று. அரசு கேட்கவில்லை, 1950இல் செய்யுமாறு கட்டளை பிறந்தது. 1954இல் அவரையே நம்பத்தகாதவர் என்று ஒதுக்கினர். இன்று ஒன்பது நாடுகளின் கையில் அணுப்படை உள்ளது. விடுக்கும் வித்தை எல்லோருக்கும் தெரியும். மீட்கும் வித்தை ஒருவருக்கும் தெரியாது.

நம் கையில் உள்ள படை

அணுகுண்டு நம் கையில் இல்லை. ஆதலின் இவ்வறம் அரசர்க்கே உரியது என்று எண்ணி நாம் ஒதுங்கலாகாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு படை உண்டு. மனைவியின்மீதும் மக்களின்மீதும் ஓங்கும் கை ஒரு படை. குடித்த வாயிலிருந்து வரும் சொல் ஒரு படை. சங்கத் தலைவனின் கையெழுத்து ஒரு படை. அயலான்மீது சொல்லும் அவதூறு ஒரு படை. கைப்பேசியில் ஒரு நொடியில் ஊரெங்கும் பரவும் அப்பொய்யை எந்த முனிவர் இடையே வந்து நிறுத்துவார்? இவற்றை விடுப்போர் பெரும்பாலும் அசுவத்தாமனைப் போலவே அச்சத்தாலும் சினத்தாலும் விடுக்கின்றனர். அடி விழுவதும் பெரும்பாலும் பகைவன்மேல் அன்று, வீட்டிலுள்ள குழந்தையின்மேல்.

பத்துமலைக் குகையில் 1891ஆம் ஆண்டு தம்புசாமிப் பிள்ளை வேலை நாட்டினார் என்பது வரலாறு. அன்று முதல் நம் மக்கள் இலட்சக்கணக்கில் அவ்வேலின்முன் நின்று வணங்கி வருகின்றனர். கந்தபுராணத்தில் அவ்வேல் செய்தது யாது? மாமரமாக நின்ற சூரபதுமனை இரு கூறாக்கிற்று. பின்னர் முருகனிடமே மீண்டது. பிளவுண்ட பகைவன் மயிலாகவும் சேவலாகவும் ஆனான்; ஒன்று ஊர்தி, மற்றொன்று கொடி. பகையை அழித்து, பகைவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, விடுத்தவன் கைக்கே திரும்பிய படை அது. கைக்குத் திரும்பும் படையையே நாம் வணங்குகிறோம் என்பதை உணர்ந்தவர் எத்தனை பேர்?

அன்பர்களே! அடுத்த தைப்பூசத்தில் வேல், வேல் என்று முழங்கும்போது இதனையும் சற்று எண்ணுங்கள். ஓங்கிய கையைத் தாழ்த்தவும், நாவின் நுனிவரை வந்த சொல்லை விழுங்கவும், பெற்ற அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தும் ஏவாதிருக்கவும் கற்றவனே வேலைத் தாங்கும் தகுதி உடையவன். அக்கல்வியை முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோமாக.