மாரீசன் குரல்

(கோவில் மண்டபத்தில் நடந்த ராமாயணத் தொடர் சொற்பொழிவில் ஒரு மாலை உரையின் எழுத்து வடிவம்)

போன மாதம் ஒரு மலைக்கோவிலுக்குப் போயிருந்தேன். அடிவாரத்திலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 டிசம்பரில் திருச்செந்தூர்க் கோவில் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டதிலிருந்து கோவில் கோவிலாக இந்த ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது. பழனியில் 2023 அக்டோபர் முதல் நடக்கிறது. நானும் போனைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

தரிசனம் முடிந்து இறங்கி வந்தால் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். டோக்கனைத் தொலைத்துவிட்டார். "தம்பி, காலையில நீதானே வாங்கி வச்ச? என் முகம் ஞாபகம் இல்லையா?" என்கிறார். கவுன்டரில் இருந்த பையன் பொறுமையாகச் சொன்னான்: "முகம் ஞாபகம் இருக்குங்க ஐயா. ஆனா முகத்தப் பார்த்து போன் குடுக்கக் கூடாது. உங்க நம்பரைச் சொல்லுங்க, அடிச்சுப் பார்க்கிறேன்." சொன்னார். அடித்தான். உள்ளே ஏதோ ஒரு பெட்டியிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. பெரியவர் முகத்தில் முருகனைப் பார்த்தபோது வந்த சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு!

எனக்கு அந்த இடத்தில் அசோகவனம் ஞாபகம் வந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் பஞ்சவடிக்குப் போய்விட்டு வருவோம்.

பர்ணசாலை வாசலில் பொன்மான் வந்து நிற்கிறது. லட்சுமணன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான், அண்ணா, இப்படி ஒரு மான் உலகத்தில் கிடையாது, இது மாயம் என்று. ராமன் என்ன சொன்னான்? கம்பர் காட்டுகிற ராமன், இந்தப் பெரிய சிருஷ்டியில் எதைத்தான் இல்லை என்று சொல்லிவிட முடியும் என்று தம்பிக்குத் தத்துவம் சொல்கிறான். ஆசைக்குத் தத்துவம் துணைக்கு வந்தால் அப்புறம் யாரால் தடுக்க முடியும்? பணம் இரட்டிப்பாகும், வீட்டில் இருந்தபடி வேலை, குலுக்கலில் கார் விழுந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் இந்த மானின் குட்டிகள்தான். இப்போது கல்யாணப் பத்திரிகை வேஷத்திலும் ஒன்று வருகிறது. கோப்பின் பெயருக்கு வாலில் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். நிஜமான பத்திரிகை படமாக வரும், இல்லையென்றால் பி.டி.எஃப். ஆக வரும். வாலில் ஏ.பி.கே. இருந்தால் அது செயலி. தெரியாமல் நிறுவினீர்களோ, உங்களுக்கு வருகிற ஓ.டி.பி. அனுப்பியவன் கண்ணுக்கும் போய்விடும். கல்யாணம் அவன் வீட்டில்!

அந்த மான் முதலில் செய்த காரியத்தைக் கவனியுங்கள். அது முட்டவில்லை, கடிக்கவில்லை. ராமனைத் தூரமாகக் கொண்டுபோனது, அவ்வளவுதான். இருக்க வேண்டிய இடத்தில் அவனை இல்லாமல் பண்ணியது.

நம் கையில் இருக்கிற போனும் இதைத்தான் செய்கிறது. உடம்பு சாலையில் இருக்கும், மனசு துபாயில் இருக்கும். ஒளிக்காமல் சொல்கிறேன், நானே பண்ணியிருக்கிறேன். மொபெட்டில் போகும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசுவேன். ஒருநாள் கடைக் கண்ணாடியில் என்னையே பார்த்தேன். கழுத்து ஒரு கோணல், இடுப்பு ஒரு கோணல், கால் ஒரு கோணல். கண்ணன் புல்லாங்குழலோடு மூன்று வளைவாக நிற்பானே, அந்த அழகு. குழலுக்குப் பதில் போன். அடுத்த நிமிஷம் முன்னால் போன ஆட்டோ நின்றதை நான் பார்க்கவில்லை. முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், கையில் போன் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே 184-ஆவது பிரிவில் சேர்த்துவிட்டது. முதல் தடவையே 1,000 ரூபாய்க்குக் குறையாமல் அபராதம், சிறையும் உண்டு. ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டால் கையில் இல்லையே என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். லாரிக்காரனிடம் அந்த வாதம் எடுபடாது.

தலையணைக்குக் கீழே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறீர்களே, அதையும் விடுங்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சூடு வெளியேற வழியில்லாமல் பஞ்சுக்குள் புதைத்தால் அது என்ன செய்யும், பாவம். முதுகு உப்பிவிட்ட போனை அமுக்கிப் பார்ப்பதும் கூடாது, ஊசியால் குத்துவது கூடவே கூடாது. கடையில் கொடுத்துவிடுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். அம்பு பட்டது. மான் வேஷத்தில் வந்த மாரீசன் விழுகிறான். விழும்போது ராமனுடைய குரலில் சீதையையும் லட்சுமணனையும் பெயர் சொல்லிக் கூவினான். கேட்டது ராமன் குரல், கூவியது மாரீசன். வனவாசத்தின் பெரிய துக்கம் அத்தனைக்கும் ஒரு பொய்க்குரல் போதுமானதாக இருந்தது. ராட்சசனுக்கு மாய வித்தை வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒருவருடைய பேச்சு கொஞ்சம் பதிவாகக் கிடைத்தாலே போதும், அதே குரலில் அவர் சொல்லாத வார்த்தைகளைப் பேசவைக்கக் கம்ப்யூட்டரால் முடிகிறது. "பாட்டி, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, பணம் அனுப்பு" என்று பேரன் குரலில் கேட்டால் எந்தப் பாட்டிக்குக் கை நடுங்காது?

லட்சுமணனுக்குக் குரல் பொய்யென்று தெரியும். அண்ணனுக்கு அப்படி ஆபத்து வராது, வந்தாலும் அவர் அப்படிக் கூவமாட்டார் என்று சொன்னான். அவன் குரலைச் சோதிக்கவில்லை. ஆளை அறிந்திருந்தான். ஆனால் சீதை பதறினாள், சொல்லக் கூடாத வார்த்தை சொன்னாள். தெரிந்தவனும் கிளம்பிவிட்டான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஏமாந்தவர்களைப் பார்த்து, இதுகூடத் தெரியாதா என்று கேட்கிறோமே, தெரிந்தும் ஏமாறலாம். அவசரம் என்று ஒன்று உள்ளே புகுந்துவிட்டால் தெரிந்தது உதவிக்கு வராது.

ராவணன் போட்ட திட்டத்தில் எனக்குத் தெரிந்து ஒரே சூத்திரம்தான்: தனியாக்கு. ராமனை விலக்கினான், லட்சுமணனை விலக்கினான், பிறகுதான் காவி கட்டி வந்தான். இன்றைக்கும் அதே சூத்திரம்தான். எங்கள் அத்தைக்கு எழுபத்தாறு வயது. ஒருநாள் காலை வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. போலீஸ் சட்டை, பின்னால் கொடி, மேஜை. "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவை விட்டு நகரக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது." பூஜை அறையில் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பிரேதம் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் அத்தை. போட்ட காபி ஆடை கட்டிப்போய்விட்டது. டெபாசிட்டை உடைத்து, சொல்கிற கணக்குக்கு அனுப்பு, சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம் என்கிறான்.

வாசலில் பூக்காரம்மா. "அம்மா, பூ!" பதில் இல்லை. தினமும் ஏழரைக்குக் கதவருகே நிற்கிற மனுஷி இன்றைக்கு இல்லையே என்று அவள் கூடையோடு உள்ளே வந்துவிட்டாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "எவன்டா நீ?" என்று கேட்டு போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அத்தை கையைப் பிடித்து எழுப்பினாள். நான்கு லட்சம் பிழைத்தது. எனக்கு அவள் ஜடாயு. அந்தக் கழுகு தூங்கிக்கொண்டிருந்ததாகத்தான் வால்மீகி சொல்கிறார். கூக்குரல் கேட்டு எழுந்து, வயதைப் பார்க்காமல், ராவணனை எதிர்த்து நின்றது. வங்கியில் பெரிய தொகையை எடுக்கும்போது, "ஏன் பாட்டி, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கிற பெண்ணிடம் சிலர் எரிந்து விழுகிறீர்கள். அப்படிக் கேட்டே தடுத்த வங்கி ஊழியர்களைப் பற்றிப் பத்திரிகையில் வருகிறது. அடுத்த தடவை கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றே கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலியில் பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைச் சொல்ல வேண்டி வந்தது: நில், யோசி, பிறகு செய் என்று. பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடி முடிவதற்குள் பிடித்தால் நிறுத்திவைக்க வழியுண்டு. வெட்கப்பட்டு மூன்று நாள் கழித்துப் போவதில்தான் நஷ்டம் உறுதியாகிறது.

லட்சுமணன் கோடு போட்டானே, அது என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. அந்தக் கோடு வால்மீகியில் இல்லை, கம்பரிலும் இல்லை. கம்பர் பர்ணசாலையையே நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போனதாகப் பாடுகிறார். கோடு பின்னால் வந்த கதைகளில் சேர்ந்தது. ஆனாலும் சேர்த்தவர் சாமானியரில்லை. அந்தக் கதையில் ராவணன் கோட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை, வர முடியவில்லை. தாண்டி வெளியே வந்து பிச்சை போடு என்கிறான். ஓ.டி.பி.யும் பின் நம்பரும் இந்தக் கோடுதான். ஏமாற்றுக்காரனால் தாண்ட முடியாது என்பதால்தானே உங்களைக் கேட்கிறான்! பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள் என்று ஒருவன் சொன்னால் அப்போதே தெரிந்துகொள்ளலாம். யு.பி.ஐ.யில் பணம் போவதற்குத்தான் பின் வேண்டும். வருவதற்கு வேண்டாம்.

மாரீசனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். அவன் இஷ்டப்பட்டு வரவில்லை. ராவணனுக்கே எவ்வளவோ புத்தி சொன்னான். வராவிட்டால் நானே உன்னைக் கொல்வேன் என்றான் ராவணன். எப்படியும் சாவுதான், ராமன் கையால் சாகிறேன் என்று வந்தான். மியான்மர், கம்போடியா, லாவோஸ் பக்கம் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசைகாட்டி அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அடித்து, இப்படி ஊரை ஏமாற்றும் வேலையில் உட்காரவைக்கிறார்கள். மியான்மரின் மியாவாடியில் சிக்கிய நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2022-ல் மீண்டு வந்தார்கள். உங்களை ஏமாற்ற அழைக்கிற குரல் ஏதோ ஒரு தாய் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் குரலாகக்கூட இருக்கலாம். அதற்காகப் பணத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. உங்கள் தெருப் பையன் சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறேன் என்றால், பூக்காரம்மா மாதிரி நீங்கள் உள்ளே புகுந்து, யார் கூப்பிட்டது என்று கேளுங்கள்.

இப்போது அசோகவனம். அனுமன் மரத்திலிருந்து இறங்கி வந்து ராமதூதன் என்கிறான். பேச்சு இனிக்கிறது. சீதை நம்பினாளா? முதலில் கொஞ்சம் மகிழ்ந்தாள், உடனே, இதுவும் ராவணன் வேஷமோ என்று சந்தேகப்பட்டாள் என்கிறார் வால்மீகி. பஞ்சவடியில் ஒரு குரலை நம்பிக் கெட்டவள் அல்லவா. ராமன் எப்படி இருப்பார், என்ன அடையாளம், சொல் என்றாள். அவன் அங்கம் அங்கமாகச் சொன்னான். அதன் பிறகு கணையாழி. அந்தக் கவுன்டர் பையன் முகத்தை நம்பாமல் நம்பர் கேட்டானே, அதுதான்! உங்கள் போனுக்கும் அங்க அடையாளம் உண்டு, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். நட்சத்திரக் குறி, ஹேஷ் குறி, 06, மறுபடி ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வரும். பஞ்சாங்கத்தின் அட்டையில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சொல்லி முடக்கிவிடலாம்.

அனுமன் திரும்பும்போது சீதை சூடாமணியைக் கொடுத்தாள். அதோடு நிறுத்தவில்லை. நகையை யாரும் திருடலாமே. ராமனும் தானும் மட்டும் அறிந்த ஒன்றைச் சொல்லி அனுப்பினாள். சித்திரகூடத்தில் காகம் வந்து கொத்திய கதை. கம்பர் இன்னொன்றும் சேர்க்கிறார். என் கிளிக்கு யார் பெயர் வைக்கட்டும் என்று தான் கேட்டதும், என் அன்னை கைகேயியின் பெயரை வை என்று ராமன் சொன்னதும். யாருக்குத் தெரியும் அது? வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டது.

எங்கள் வீட்டில் ஒரு கிளிப்பெயர் வைத்திருக்கிறோம். அத்தை விஷயம் நடந்த வாரம் எல்லாரும் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். யார் எந்த அவசரத்தில் பணம் கேட்டாலும் ஒரு கேள்வி கேட்போம், பதில் வர வேண்டும். என்ன பெயர் என்று இந்த மைக்கில் கேட்காதீர்கள், இவ்வளவு நேரம் பேசியது வீணாகிவிடும்.

போன வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து அத்தை மகன் கூப்பிட்டான். நிஜமான மகன்தான். புது நம்பர். "அம்மா, கார்டு வேலை செய்யல, ஒரு அம்பதாயிரம் போடு." அத்தை கேள்வியைக் கேட்டாள். அவனுக்கு மறந்துவிட்டது. நான்தாம்மா, குரல் தெரியலையா என்று கெஞ்சினான். அத்தை வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் பழைய நம்பரிலிருந்து கோபமாக அடித்து, பெத்த பிள்ளையையே சந்தேகப்படுவியா என்று கத்தினான்.

"அனுமாரையே சீதை சந்தேகப்பட்டா. நீ எம்மாத்திரம்டா?" என்றாள் அத்தை.