அணிவதும் களைவதும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது காந்திகிராமம். 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய இந்நிலையம், தம் ஆடையைக் களைந்த ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் மேலாடையையும் நீண்ட வேட்டியையும் துறந்து, முழங்கால் அளவுத் துணியை உடுத்தினார். ஏழையின் உடை அவருக்கு வேடமன்று. இறக்கும்வரை அவர் அதை மாற்றவில்லை.

இச்சமவெளியில் வாழும் நாம் விடுமுறை நாள்களில் மலையேறுகிறோம். அங்கே பிறருடைய மரபுடை வாடகைக்குக் கிடைக்கிறது. பத்து நிமிடம் அணிந்து, படம் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மலைமக்களின் விழா ஒன்று எதிர்ப்பட்டால், படக்கருவியோடு முன்வரிசைக்கு விரைகிறோம். இது மரியாதையா, வேடிக்கையா?

நீலகிரித் தோடர்களை எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள சிறு சமூகம் அது. வெண்ணிறப் பருத்தித் துணியில், வரைபடம் ஏதுமின்றி, இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் அவர்களின் பெண்கள் பூவேலை செய்கின்றனர். இக்கலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் போர்வையே பூத்துக்குளி. விழா நாளில் அதை உடுத்தி ஆடுகிறார்கள். இறந்தவரின் உடலையும் அதனாலேயே போர்த்துகிறார்கள். ஒரு குலத்தின் மகிழ்வும் துயரும் படிந்த அத்துணி, நமக்கு மட்டும் விளையாட்டுப் பொருளாகலாமா?

நம் ஆலயத்தை எண்ணினால் விடை எளிதாகும். எழுந்தேற்ற வேளையில் யாரோ ஒருவர் பீடத்தருகே வந்து படம் எடுத்தால், நம் உள்ளம் நோகுமன்றோ? அந்த நோவு மலைமக்களுக்கும் உண்டு.

அப்படியெனில் பிறர் உடையைத் தொடவே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, கறுப்பு அங்கியையும் தோற்காலணியையும் விட்டுக் காவி உடுத்தினார். புலால் உணவைத் துறந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். குலப் பிரிவினையோடு அவர் செய்துகொண்ட சமரசம் இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆயினும், தமக்குரியதை இழந்த பின்னரே அவர் பிறருக்குரியதை ஏற்றார் என்பதை மறுக்க இயலாது. உடையில் அன்று, அதற்காக நாம் கொடுக்கும் விலையிலேயே நேர்மை வெளிப்படுகிறது.

கோயில் முன்னும் பெரியோர் முன்னும் பணிவு காட்டத் தோடர் ஆண்கள் போர்வையினின்று வலக்கையை வெளியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மலைமீது எரியும் முட்புதரின் முன் மோசே செய்ததும் களைதலே. அவர் மிதியடியைக் கழற்றினார். புனிதத்தின் முன் மனிதன் எதையோ கழற்றுகிறான் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

ஆகவே, மலைக்குச் செல்லும்போது நாம் களைய வேண்டியவை சில உள. படம் எடுக்கும் அவசரம் ஒன்று. 'இவர்கள் நாகரிகம் அறியாதவர்' என்னும் இளப்பம் மற்றொன்று. பணம் கொடுத்தால் எதையும் பார்க்கலாம் என்னும் துணிவு வேறொன்று. அனுமதி கேட்போம், மறுத்தால் முகம் சுளியாது விலகி நிற்போம். கைவேலைப் பொருள்களைப் பேரம் பேசாது உரிய விலைக்கு வாங்குவோம். வீட்டுக்குரியவர் தம் கையால் ஒரு போர்வையை நம் தோளில் இட்டால், தலைதாழ்த்தி ஏற்போம். அப்போது நாம் அணிவது வேடமன்று. அவர் நமக்கு அளிக்கும் உறவு.