பக்குவம் பார்த்து விற்கப்படும் ஆசை

ஒருவருக்குள் எழும் ஆசைக்கு அவர் மட்டும்தான் பொறுப்பா? நம் சமய நூல்கள் பெரும்பாலும் ஆம் என்று வைத்துக்கொண்டே பேசுகின்றன. திருக்குறளின் 37ஆம் அதிகாரமான அவாவறுத்தல், ஆசைப்படுகிறவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நாலடியார் தந்த சமணமும், மணிமேகலையின் பௌத்தமும், ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலம் பேசும் சைவ சித்தாந்தமும் வழியில் வேறுபட்டாலும், ஆசையின் வேரை ஆசைப்படுகிறவரின் உள்ளேதான் தேடுகின்றன. அந்த நூல்கள் எழுந்த காலத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்றோ, எந்த வயதினருக்கு எந்த ஆசை எழ வேண்டும் என்று பணம் போட்டுத் தீர்மானிக்கிற ஒரு தொழில் நடக்கிறது. வீடியோ கேம் கன்சோல்களுக்காகத் தொலைக்காட்சியில் வந்த விளம்பரங்களில் அந்தத் தொழிலின் முறை நன்றாகவே தெரிகிறது. அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, விதைத்தவரை விட்டுவிட்டு முளைத்த மனத்திடம் மட்டும் துறவு பேசுவது அறமாகாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பெருமுக்கல் போன்ற ஓர் ஊரில் வைத்துக் கேட்பதுதான் நியாயம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், சோழர் காலக் கல்வெட்டுகளோடு ஒரு சிவன் கோயிலை மலைமேல் தாங்கி நிற்கும் ஊர் அது. மலையில் சீதை குகை என்று ஊரார் சொல்லும் குகைக்குள், எழுத்து தோன்றுவதற்கு முந்தைய மனிதர்கள் பாறையில் கீறி வைத்த உருவங்கள் இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் கல் குவாரிகள். கிழக்கே போகப் போக மரக்காணத்து உப்பளங்கள். உப்பளத்தில் வேலை என்பது கோடை முழுவதும் பாத்தியில் இறங்கி உப்பு வாருவது, மழை பிடித்துவிட்டால் கூலியில்லாமல் வீட்டில் இருப்பது. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த 2006ஆம் ஆண்டில்தான் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360ஐ இந்தியாவுக்குக் கொண்டுவந்து, நடிகர் அக்‌ஷய் குமாரையும் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கையும் அதற்கு முகமாக நிறுத்தியது. அரசு பெட்டியைக் கொடுத்தபோது கூடவே வீட்டுக்குள் என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. பொருளை யார் வாங்க முடியும் என்று விளம்பரம் பார்ப்பதில்லை. கிரிக்கெட் பார்க்கும் எல்லா வீட்டுக்கும் அது போகும்.

கன்சோல் விளம்பரங்கள் சொல்வது என்ன? முதலில் கவனிக்க வேண்டியது, அவற்றில் மிகப் புகழ்பெற்றவை கன்சோலைக் காட்டுவதே இல்லை. 1999இல் பிரிட்டனில் சோனி, பிளேஸ்டேஷனுக்காக ஒரு விளம்பரம் வெளியிட்டது. பல வயதினர், பல தோற்றத்தினர், ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். பகலில் சாதாரண வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். வேறொரு வாழ்க்கையிலோ படைகளை நடத்தியவர்கள், உலகங்களை வென்றவர்கள். கடைசியில் தாங்கள் வாழ்ந்திருக்கிறோம் என்கிறார்கள். நீ காணும் இந்த வாழ்வு உண்மையானதல்ல, உண்மையான வாழ்வு அப்பால் இருக்கிறது என்ற சமயவாதியின் பேச்சு இது. 2002இல் எக்ஸ்பாக்ஸுக்காக வந்த விளம்பரம் இன்னும் துணிந்தது. பிரசவ அறையிலிருந்து ஒரு குழந்தை சன்னலை உடைத்துக்கொண்டு வானத்தில் பாய்கிறது. பறந்துகொண்டே இளைஞனாகி, நடுவயதாகி, கிழவனாகி, நேராகக் கல்லறைக் குழிக்குள் போய் விழுகிறது. வாழ்க்கை சிறிது, ஆகவே இன்னும் விளையாடு என்பதே அதன் செய்தி. பார்வையாளர்கள் புகார் செய்ததால் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அது நிறுத்தப்பட்டது. புகார் செய்தவர்களை அந்தக் காட்சியின் கொடூரம் உறுத்தியது. என்னை உறுத்துவது அதன் தருக்கம். நாலடியார் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்றுதான் தொடங்குகிறது. குறளிலும் நிலையாமைக்கு அடுத்த அதிகாரம் துறவு. உடல் நில்லாது என்ற அதே உண்மையை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று, விளம்பரம் எதிர்த்திசைக்குத் திரும்புகிறது: ஆகவே வாங்கு.

இளைஞனுக்கு மரணத்தைக் காட்டி விற்றவர்கள் மற்றவர்களுக்கு வேறு எதையெதையோ காட்டினார்கள். 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து, கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே ஒதுங்கிய நேரத்தில், 1985இல் நிண்டெண்டோ தன் கன்சோலோடு ஒரு சிறு ரோபோவைச் சேர்த்து, பொம்மை என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு விற்றது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 1990களில் பதின்ம வயதுக்கு வந்தபோது, சேகா நிறுவனம் நிண்டெண்டோவைச் சின்னப் பையன்களின் பொருளாகக் காட்டி, இன்னும் அதை வைத்திருக்கிறாயா என்று அவர்களை வெட்கப்பட வைத்தது. 2006இல் நிண்டெண்டோ வீ வந்தபோது, கோட்டு போட்ட இரண்டு ஜப்பானியர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, குனிந்து வணங்கி, கையில் ஒரு கன்ட்ரோலரை நீட்டினார்கள். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஒரே கூடத்தில் சிரித்தார்கள். பிள்ளைகள் அறைக்குள் அடைந்து கிடக்கிறார்களே என்று கவலைப்பட்ட தாய்மாரிடம் விற்கப்பட்டது அந்தக் கூடம். பத்துக் கோடிக்கு மேல் அது விற்றது. 2007இல் ஐரோப்பாவில் நடிகை நிக்கோல் கிட்மன் கையில் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியோடு தோன்றி, மூளையின் வயதைக் குறைக்கும் பயிற்சி என்று நடுவயதுப் பெண்களிடம் பேசினார். பிள்ளைக்குத் தோழர் முன் தலைகுனிவு, இளைஞனுக்கு மரணம், தாய்க்குச் சிதறும் குடும்பம், நடுவயதுக்கு மங்கும் நினைவு. ஒரே தொழிலின் ஒரே மாதிரிப் பெட்டிகள்தான். யாருக்கு எது குறை என்று பார்த்து அந்தக் குறைக்கு மருந்தாக நீட்டினார்கள்.

ஆளைப் பார்த்து அறிவுரை சொல்வது சைவருக்குப் புதிதல்ல. ஆன்மாவின் பக்குவத்துக்கு ஏற்பச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறிகள் வகுத்தவர்கள் அவர்கள். குருவும் விளம்பரக்காரரும் செய்யும் முதல் வேலை ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று அறிவது. அதற்குப் பிறகுதான் வழிகள் பிரிகின்றன. குரு பக்குவம் பார்ப்பது சீடரை அந்த நிலையிலிருந்து மேலே ஏற்றுவதற்கு. விளம்பரம் பக்குவம் பார்ப்பது அவரை அங்கேயே பிடித்துவைப்பதற்கு. தோழர்கள் முன் குறைந்துபோவோமோ என்று அஞ்சும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு அந்த அச்சம் நீங்கிவிட்டால் சேகாவின் விளம்பரத்துக்கு வேலையே இல்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, விளையாடும் ஆசை மனிதருக்கு இயல்பு, விளம்பரம் ஒரு புதிய கருவி வந்திருக்கிறது என்று தகவல் சொல்கிறது, அவ்வளவே என்பது. விளையாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இறைவனின் ஐந்தொழிலையே விளையாட்டாகக் கண்ட மரபு நம்முடையது. பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் பல தலைமுறை தாண்டி வந்தவை. கன்சோலில் ஆடுவதிலும் திறமை உண்டு, அழகு உண்டு. ஆனால் விளம்பரம் வளர்ப்பது விளையாடும் ஆசையை அல்ல. சோனியின் வரிசையைப் பாருங்கள்: முதல் பிளேஸ்டேஷன் 1994, அடுத்தடுத்தவை 2000, 2006, 2013, 2020. ஐந்தாவதை விற்க வேண்டுமானால், வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நான்காவது போதாது என்று தோன்ற வேண்டும். விளையாடும் ஆசை நிறைவேறிக்கொண்டிருக்கும் வீட்டில்தான் இந்தப் புதுக் குறை உருவாக்கப்படுகிறது. தகவல் மட்டுமே நோக்கமாக இருந்தால், கல்லறைக் குழியைக் காட்ட வேண்டிய தேவை என்ன?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பொருளியல் அறிஞர் கால்பிரெய்த் 1958இல், உற்பத்தி செய்கிறவர்களே தேவையையும் உற்பத்தி செய்கிறார்கள் என்று வாதிட்டார். 1961இல் மற்றொரு பொருளியல் அறிஞரான ஹாயெக் அதை மறுத்தார். பசி, தாகம் போன்ற சில தவிர மனிதரின் ஆசைகள் எல்லாமே வெளியிலிருந்து கற்றவைதான். இசையையும் இலக்கியத்தையும் விரும்பப் பிறர்தான் நமக்குக் கற்பித்தார்கள், அதனால் அந்த விருப்பம் போலியாகிவிடுமா என்று கேட்டார். சமயவாதிக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். பக்தியும் கற்பிக்கப்பட்டதுதானே? பெரியாழ்வார் வீட்டில் கண்ணன் பாட்டுக் கேட்டு வளராவிட்டால் ஆண்டாளுக்கு அந்தத் தாபம் எங்கிருந்து வந்திருக்கும்? தேரோட்டம், கதாகாலட்சேபம், கோயில் சுவரின் ஓவியம் எல்லாமே இல்லாத ஏக்கத்தை உண்டாக்குபவைதான். ஹாயெக்கின் பாதி வாதத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆசை வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே அது தீயது ஆகாது. ஆனால் விதைத்தவர் அந்த ஆசை எங்கே போய் முடிய வேண்டும் என்று விரும்புகிறார் என்பதைக் கேட்டாக வேண்டும். பாட்டுக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருநாள் மாணவர் தன் துணையின்றிப் பாட வேண்டும் என்று விரும்புகிறார். பக்தி ஊட்டுகிறவர், மற்ற பற்றுகளைக் கழற்றும் ஒரு பற்றை ஊட்டுகிறார். கோயில் உண்டியல் நிறைய வேண்டும் என்பதற்காகவே ஏக்கத்தை மூட்டுகிறவரும் உண்டு. அவர் விளம்பரக்காரரின் பக்கத்தில் நிற்க வேண்டியவர்தான், சமயம் என்பதால் அவருக்கு விலக்குத் தர முடியாது. கன்சோல் விளம்பரமோ நிறைவை வாக்களித்து, அடுத்த தலைமுறைப் பெட்டி வரும் நாளில் அந்த வாக்கைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

பெற்றோர் மறுத்துவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையில்லாத மழைக்காலத்துக்கென்று கொடுக்கும் உதவித்தொகை 5,000 ரூபாய். இந்தக் கணக்குத் தெரிந்த வீட்டில் மறுப்பு தானாகவே நடந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே விளம்பரத்தால் ஒரு பெட்டியும் விற்பனையாகாது. ஆனாலும் அது காட்டிய குறை பிள்ளையின் மனத்தில் இருந்துவிடுகிறது. வாங்கியவருக்குச் சில மாதமாவது அது ஆறியிருக்கும். வாங்க முடியாதவரிடம் அது ஆறாமலே நிற்கிறது, வாங்கித் தர முடியாத தகப்பனின் மேல் மெல்லிய குற்றச்சாட்டாக. விற்பனைக் கணக்கில் ஏறாத இந்தத் துன்பத்தை யார் கணக்கில் எழுதுவது?

கர்மக் கொள்கையில் ஊறியவர் இங்கே வேறு விதமாக மறுக்கலாம். உள்ளே முன்வினையின் பதிவான வாசனை இல்லாவிட்டால் விதை முளைக்காது, ஆகவே கடைசிப் பொறுப்பு ஆசைப்பட்டவருடையதே என்பார். உப்பங்கழி நீரில் உப்பு உண்டுதான். ஆனால் பாத்தி கட்டி, நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு ஆள் வைத்து வாரினால்தான் அது உப்பாகிறது. விளைந்த உப்பு பாத்தி கட்டியவருடையது என்பதில் மரக்காணத்தில் யாருக்கும் ஐயம் இருக்காது. இதற்கான நீதி நம் மரபிலேயே இருக்கிறது. திண்டிவனத்துக்கு மேற்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய அறநூல் வினையை மூன்றாகப் பார்க்கும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல். மூன்றுக்கும் வினைப்பயன் உண்டு, மனத்தால் செய்தாலும், சொல்லால் செய்தாலும், உடலால் செய்தாலும். கொலைக்கும் களவுக்கும் சொன்ன இதை ஆசைக்குப் பொருத்த என்ன தடை? ஆசைப்படுவது வினை என்றால், ஆசைப்படச் செய்வதும் வினைதான். அதிலும் செய்விக்கிறவர் எதிரில் இருப்பவரின் பலவீனத்தை முன்கூட்டியே ஆராய்ந்து அறிந்தவர். அறிந்து செய்த வினைக்குக் கனம் அதிகம்.

நம் சமயத் தலைவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2009இல் ஹைதராபாத்தில் உருவான, அனுமனை நாயகனாகக் கொண்ட ஒரு விளையாட்டைச் சோனி பிளேஸ்டேஷன் 2க்காக வெளியிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. கடவுளை ஒரு கன்ட்ரோலரால் ஆட்டிவைப்பதா என்றார்கள். அந்த மனப்புண் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் மனத்தை ஆட்டிவைக்கும் விளம்பரத்தைப் பற்றி அந்தக் குரல்களில் எதுவும் இல்லை.

சமயம் பேசாமல் விட்ட இடத்தில் சட்டம் கொஞ்சம் பேசியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறை, ஒரு பொருளை வாங்காவிட்டால் பிள்ளைகள் கேலிக்கு ஆளாவார்கள், மற்றவரைவிடத் தாழ்ந்துபோவார்கள் என்று உணர்த்தும் விளம்பரத்தைத் தடுக்கிறது. வாங்கித்தரச் சொல்லிப் பெற்றோரை நச்சரிக்குமாறு பிள்ளைகளைத் தூண்டக் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் இது விளம்பரத்தின் வாசகத்தையும் காட்சியையும்தான் சோதிக்க முடியும். தோழர் நால்வர் சிரித்து விளையாடும் காட்சியில் தடுக்க எதுவுமில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980இலேயே வேறு வழியில் போனது. 13 வயதுக்குட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரத்தையே அது விலக்கியது. ஒரு பொம்மை நிறுவனம் வழக்குத் தொடுத்து, 1989இல் கனடா உச்ச நீதிமன்றம்வரை போயும் சட்டம் நின்றது. ஸ்வீடனில் தொலைக்காட்சியில் 12 வயதுவரை இந்தக் காப்பு உண்டு. ஒரு மனம் எந்த வயதில் தன்னை நோக்கி எறியப்படும் ஆசையை எடைபோடும் பக்குவம் அடைகிறது என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பதிலை எழுதி வைத்தார்கள். பதில் மிகச்சரியாக இருக்க வேண்டியதில்லை, கேள்வியைக் கேட்டதே பெரிது. விளம்பரம் பிள்ளைகளை நோக்கியதா என்று தீர்மானிக்கக் கியூபெக் சட்டம் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: பொருள் எத்தகையது, அதைக் காட்டும் விதம் எப்படி, எந்த நேரத்தில் எந்த இடத்தில் காட்டப்படுகிறது. யுவராஜ் சிங்கின் முகத்தோடு, கிரிக்கெட் நடக்கும் மாலையில், வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும்போது வரும் ஒரு கன்சோல் விளம்பரம், பெரியவர்களுக்கானது என்ற வாதம் அந்த மூன்றாவது சோதனையில் நிற்காது.