கொடையும் வேலியும்

ஊர்ப் பொதுவில் ஒருவர் கிணறு வெட்டுகிறார். யார் வேண்டுமாயினும் நீர் இறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார். ஆண்டுகள் சில கழிகின்றன. பக்கத்து நிலத்துக்காரர் அக்கிணற்றைச் சற்று ஆழப்படுத்துகிறார். உறுதியான கைப்பிடிச் சுவர் எழுப்புகிறார். பின்னர்ச் சுற்றிலும் வேலியிட்டு, குடத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார். ‘ஆழப்படுத்தியது என் உழைப்பு, உழைப்புக்குக் கூலி கேட்பது தவறா?’ என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆயினும் ஊரார் வெறுங்குடத்துடன் வேலிக்கு வெளியே நிற்கின்றனர். இதனைத் தடுக்க வேண்டுமாயின், முதலில் வெட்டியவர் கொடுக்கும்போதே ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டை விதித்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டோடு கொடுப்பது கொடையாகுமா?

இவ்வினா வெறும் கற்பனையன்று. கணிப்பொறி உலகில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதுபற்றிய வாதம் நடந்துவருகிறது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று அத்துறையில் பணிபுரிகின்றனர். என் பெயரனும் அவர்களுள் ஒருவன். மேற்சொன்ன கிணற்றுக் கதையை அவனிடம் கூறியபோது அவன் சிரித்தான். “தாத்தா, கிணற்று நீர் இறைத்தால் குறையும். நிரலைப் படியெடுத்தால் குறையுமா?” என்றான். அவன் சொன்னது சரி. ஒருவர் எழுதிய நிரலை ஆயிரம் பேர் படியெடுத்தாலும் எழுதியவரிடம் உள்ளது அப்படியே இருக்கும். நூலைப் படியெடுத்துப் பிறர்க்கு அளிப்பதைச் சாத்திர தானம் என்று போற்றும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவ்வாறாயின், குறையாத ஒன்றுக்கு வேலியிடுவது, குறையும் பொருளுக்கு வேலியிடுவதைக் காட்டிலும் கடுமையான செயல் அல்லவா?

மென்பொருள் என்பது இரு வடிவில் உள்ளது. மனிதர் எழுதிப் படிக்கத்தக்க வரிகளாக அமைந்திருப்பது மூலநிரல். அதனை இயந்திரத்துக்குரிய சுழிகளும் ஒன்றுகளுமாக மாற்றி வைத்தது மற்றொரு வடிவம். இரண்டாவதை மட்டும் பெற்றவர் அதனை இயக்கலாம். ஆனால் அஃது உள்ளே என்ன செய்கிறது என்று அறியவோ, பழுது கண்டால் திருத்தவோ அவரால் எளிதில் இயலாது. தொடக்க காலத்தில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் மூலநிரலைக் கேட்டவர்க்குக் கொடுப்பது இயல்பாக இருந்தது. கணிப்பொறி பெருவணிகமாக வளர வளர அவ்வழக்கம் அருகியது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவாய்வுக் கூடத்தில் பணிபுரிந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980ஆம் ஆண்டையொட்டி அக்கூடத்துக்கு செராக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை அளித்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய அச்சுப்பொறியிலும் இத்தொல்லை இருந்தது. ஆனால் அதன் மூலநிரல் கையில் இருந்தமையால், தாள் சிக்கியவுடன் காத்திருப்போர் அனைவர்க்கும் செய்தி தெரிவிக்கும்படி ஆய்வுக்கூடத்தார் அதனைத் திருத்தி வைத்திருந்தனர். புதிய பொறிக்கு மூலநிரல் வரவில்லை. பொறி வேறு தளத்தில் நின்றது. ஒவ்வொருவரும் சென்று பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்நிரல் இருப்பதாகக் கேள்வியுற்ற ஸ்டால்மன், அங்குச் சென்றபோது அவரை நேரில் கண்டு கேட்டார். ‘பிறர்க்குத் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், தர இயலாது’ என்று அவர் மறுத்துவிட்டார். சினத்தால் ஸ்டால்மனுக்குப் பேச்சு எழவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டார் என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மறுத்தவர் செய்த குற்றம் யாது? அவர் கொடுத்த வாக்கைக் காத்தார். வாக்குத் தவறாமையை நாம் குழந்தைப் பருவம் முதலே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவ்வறத்தை அவர் பிழையாமல் காத்ததனாலன்றோ மற்றொருவர் வெறுங்கையுடன் திரும்பினார்? ஆகவே பிழை வாக்கைக் காத்ததில் இல்லை. அவ்வாக்கைக் கொடுத்ததில் உள்ளது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் தம்மை ஒடுக்கிக்கொள்ள உறுதி ஏற்கிறார். அதனால் வரும் இழப்பு அவருடையது. இம்மனிதரோ, தாம் இன்னும் முகம் பாராத எண்ணற்றவர்க்கு உதவ மாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தார். அதனால் வரும் இழப்பு முழுதும் பிறருடையது. பயன் மட்டும் அவருடையது. இவ்விரண்டையும் உறுதிமொழி என்னும் ஒரே சொல்லால் வழங்குவதனால் நாம் மயங்குகிறோம். ஸ்டால்மன் அந்நிகழ்ச்சியிலிருந்து கற்றதும் இதுவே. அத்தகைய உடன்படிக்கையில் தாம் ஒருகாலும் கையெழுத்திடுவதில்லை என்று உறுதி பூண்டார்.

1983 செப்டம்பர் 27 அன்று, க்னூ என்னும் பெயரில் முழுமையான இயக்கமுறை ஒன்றை எழுதி எல்லார்க்கும் வழங்கப்போவதாக அவர் அறிவித்தார். தாம் எழுதுவதன்மேல் கழகம் உரிமை கோரிவிடலாகாது என்பதற்காக 1984 சனவரியில் பணியைத் துறந்தார். பின்னர் உணவுக்கு என்ன செய்தார் என்ற வினா எழும். தாம் எழுதிய ஈமாக்ஸ் என்னும் பதிப்பி நிரலை நாடாவில் பதிந்து, ஒன்று 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதனைப் படியெடுத்து ஊரெல்லாம் கொடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆகவே விலை வாங்குவது இங்குக் குற்றமாகக் கருதப்படவில்லை. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர் இதனை வாழ்நாளெல்லாம் விளக்க வேண்டியதாயிற்று. தமிழில் அத்தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதை நம் மொழியே பிரித்துக் காட்டிவிடுகிறது.

இனிக் கிணற்றுக்கு மீள்வோம். எழுதியவர் உரிமை அனைத்தையும் கைவிட்டு நிரலைப் பொதுவில் வைத்துவிட்டால் போதாதா? போதாது என்பதை அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றே காட்டியது. 1984இல் மாசசூசெட்ஸ் கழகத்தில் தோன்றிய எக்ஸ் விண்டோ என்னும் திரைமுறை, ஏறத்தாழக் கட்டுப்பாடு ஏதுமின்றி வெளியிடப்பட்டது. கணிப்பொறி நிறுவனங்கள் பல அதனை எடுத்துத் தத்தம் பூட்டிய இயக்கமுறைகளுடன் சேர்த்து விற்றன. எழுதியவர்கள் கொடுத்த உரிமைகள், அதனை விலைகொடுத்து வாங்கியோர் பலர்க்குச் சென்று சேரவேயில்லை.

ஆகவே ஸ்டால்மன் வேறு வழி கண்டார். ஒருவர் ஒன்றை எழுதியவுடனேயே சட்டம் அவர்க்குப் பதிப்புரிமையை அளித்துவிடுகிறது. அதனை அவர் துறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே திருப்பிப் பிடித்தார். ‘இந்நிரலை நீ இயக்கலாம், ஆராயலாம், மாற்றலாம், பிறர்க்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது, மாற்றியிருப்பினும் மாற்றாதிருப்பினும், நீ பெற்ற இவ்வுரிமைகள் அனைத்தையும் மூலநிரலுடன் அவர்க்கும் கொடுக்க வேண்டும்’ என்பது அவர் விதித்த கட்டுப்பாடு. 1989இல் இதற்குப் பொது உரிமம் என்ற வடிவம் தந்தார். 1991இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பூட்டுவதற்கென்று செய்த சட்டத்தைக் கொண்டே பூட்டுவதைத் தடுத்தமையால், காப்பிரைட் என்ற சொல்லைத் திரித்துக் காப்பிலெஃப்ட் என்று விளையாட்டாக அதற்குப் பெயரிட்டனர். பெயர் விளையாட்டாயினும் உரிமம் விளையாட்டன்று. 2004இல் செர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தம் நிரல்களை வேறு வகையில் வழங்கினர். ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதே, பழுது நேர்ந்தால் எம்மைக் குறைகூறாதே என்பதற்கு மேல் அவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எடுத்தவர் பூட்டி விற்றாலும் அவர்க்கு வருத்தமில்லை. அந்த வழியில் வந்த நிரலின் பகுதிகளை ஆப்பிள் நிறுவனம் தன் மாக் இயக்கமுறையில் சேர்த்துக்கொண்டது. ‘கொடுத்தபின் அதன் போக்கை ஏன் பார்க்க வேண்டும்? கட்டுப்பாடு விதிக்கும் கொடையாளிக்குக் கொடுத்த பொருளின்மேல் இன்னும் பற்று இருக்கிறது’ என்று இவ்வணியினர் கூறுவர். இச்சொல் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. உண்மையில் அவர்கள் கொடை தூயதாகவே தோன்றியது.

பின்னர் ஒன்று புலப்பட்டது. கொடுத்ததை மறப்பது கொடுத்தவர்க்கு நன்மை தரலாம். ஆனால் அம்மறதியின் விலையைச் செலுத்துபவர் மூன்றாமவர். வேலிக்கு வெளியே நிற்பவர். பொது உரிமத்தின் கட்டுப்பாடு கொடுத்தவர்க்கு ஒரு காசும் தருவதில்லை. புகழ் தருவதும் இல்லை. அஃது எவர் பொருட்டு விதிக்கப்பட்டதோ அவர் அந்நேரத்தில் அவ்விடத்தில் இருப்பதே இல்லை. கட்டுப்பாடு என்ற ஒன்று இருக்கிறதா என்று கேட்பதைவிட, அக்கட்டுப்பாட்டின் பயன் யாரைச் சேர்கிறது என்று கேட்பதே முறை. இதனால் பெர்க்லியாரை நான் குறைகூறவில்லை. தம் கிணற்றை அவர்கள் அவ்வாறு கொடுக்க விரும்பினர்; கொடுத்தனர்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதியபோது, காசு வாங்கலாகாது என்ற கட்டுப்பாட்டையே முதலில் விதித்தார். 1992இல் அதனை நீக்கிப் பொது உரிமத்தை ஏற்றார். தாம் செய்தவற்றுள் அதுவே மிகச் சிறந்தது என்று பின்னர்க் கூறினார். வணிகத்தைத் தடுத்த வேலி போய், வேலியிடுவதைத் தடுக்கும் விதி வந்தது. போட்டியிடும் பெருநிறுவனங்களே அதன்பின் அதற்கு நிரல் எழுதித் தரலாயின. ஒருவர் தந்ததை மற்றவர் பூட்டிக்கொள்ள முடியாதென்ற உறுதி அவற்றுக்கு இருந்தது. 2017 நவம்பரில் வெளியான பட்டியலின்படி உலகின் மிகு வேகக் கணிப்பொறிகள் 500லும் லினக்ஸே இயங்கியது.

பதிப்புரிமையைத் திருப்பிப் பிடிக்க முடிந்தது. பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையை அவ்வாறு செய்வது அரிது. பதிப்புரிமை எழுதிய எழுத்தைக் காப்பது. காப்புரிமையோ அதன் பின்னுள்ள வழிமுறையையே ஒருவர்க்கு உரிமையாக்குவது. பிறர் எழுதியதைக் கண்ணாலும் காணாமல், தாமே சிந்தித்து அவ்வழிமுறையைக் கண்டவரும் குற்றவாளியாகிறார். களவுக்குக் களவு நோக்கம் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது! மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டதும், நம் அறிவியல் தொழில் ஆய்வுக் குழுவினர் வழக்காடி 1997இல் அதனை நீக்கச் செய்ததும் வாசகர் நினைவில் இருக்கும்.

கணிப்பொறித் துறையில் நடந்தது இன்னும் விந்தையானது. தரவுகளைச் சுருக்கும் முறை ஒன்றை டெரி வெல்ச் என்பார் 1984இல் ஓர் இதழில் விளக்கி எழுதினார். படித்தோர் பலர் அதனைத் தம் நிரல்களில் பயன்படுத்தினர். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் அம்முறையைக் கொண்டு ஜிஃப் என்னும் பட வடிவத்தை உருவாக்கியது. அது எங்கும் பரவியது. ஆனால் அம்முறைக்கு 1985இலேயே காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அது யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. ஜிஃப் படங்களைக் கையாளும் நிரல்கள் எழுதுவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 1994 இறுதியில் அறிவிப்பு வெளியாயிற்று. நடந்து நடந்து தேய்ந்த பாதையில் திடீரெனச் சுங்கச்சாவடி முளைத்தது போலாயிற்று. க்னூ அணியினர் இத்தொல்லையை முன்னரே உணர்ந்து 1992இல் ஜிசிப் என்னும் வேறு சுருக்க நிரலைக் கொண்டுவந்திருந்தனர். படத்துக்கும் புதிய வடிவம் தேவைப்பட்டது. தன்னார்வலர் சிலர் கூடி பி.என்.ஜி. என்பதை வகுத்தனர். அமெரிக்கக் காப்புரிமை 2003 சூன் 20 அன்று காலாவதியாயிற்று. இடைப்பட்ட காலத்து உழைப்பில் பெரும்பகுதி புதியது காண்பதற்கன்று, வேலியைச் சுற்றிக்கொண்டு போவதற்கே செலவாயிற்று.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம், கணிப்பொறி நிரல் தனித்த நிலையில் காப்புரிமைக்குரியதன்று என்று வகுத்தது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் அதனைத் தளர்த்த முயன்றது. 2005இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை. அதே ஆண்டு சூலை 6 அன்று ஐரோப்பியப் பாராளுமன்றம் இத்தகைய முன்மொழிவை 648க்கு 14 என்ற கணக்கில் தள்ளியது. ‘தனித்த நிலையில்’ என்ற சொல்லின் பொருள் குறித்து மட்டும் நம் நாட்டில் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

கட்டுப்பாடு எதுவரை செல்லலாம் என்பதில் கொடையாளிகளுக்குள்ளேயே பிணக்கு உண்டு. டிவோ என்னும் ஒளிப்பதிவுப் பெட்டி லினக்ஸைக் கொண்டு இயங்கியது. அந்நிறுவனம் உரிமத்தின்படி மூலநிரலை வெளியிட்டது. ஆனால் எவரேனும் அதனைத் திருத்தி ஏற்றினால் பெட்டி இயங்க மறுக்கும்படி அமைத்திருந்தது. நிரல் கைக்கு வந்தது. அதன் பயன் வரவில்லை. 2007 சூன் 29 அன்று வெளியான பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இவ்வகைப் பூட்டைத் தடை செய்தது. டோர்வால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. ‘நான் என் நிரலுக்கு ஈடாக நிரலைக் கேட்டேன், பிறர் செய்யும் பெட்டியின் அமைப்பைக் கேட்கவில்லை’ என்பது அவர் கருத்தின் சாரம். லினக்ஸ் கருநிரல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. இருவருள் யார் பக்கம் என்று பெயரன் கேட்டான். பெட்டியை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் யாரோ அவர் பக்கம் என்றேன். அவன் டோர்வால்ட்ஸ் பக்கம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது வாதத்தைத் தொடர்வதாகச் சொல்லிச் சென்றிருக்கிறான்.