சொல் சென்ற வழி

எங்கள் பங்கில் புனித அந்தோணியார் திருவிழா முடிந்ததும் பங்குப் பேரவையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவது வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வாசிக்கப்பட்டபோது, பந்தல் செலவைக் கேட்டு அருகில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னேன்: “இவ்வளவா ஆகியிருக்கும்?” இரண்டே சொற்கள். குற்றச்சாட்டு அன்று, வெறும் கேள்விதான். கேட்டதை அன்று மாலையே மறந்தும் போனேன்.

அது மூன்று தெருக்களைக் கடப்பதற்குள் கேள்விக்குறியை இழந்துவிட்டது. பொருளாளராக இருந்த பெரியவர் அடுத்த மாதமே பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்த்தபோது ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தம் கைப்பணத்தையும் சேர்த்தே அவர் செலவிட்டிருந்தார். ஆனால் முந்தைய பேச்சு நுழைந்த வீடுகளுக்கெல்லாம் இச்செய்தி நுழையவில்லை. ஞாயிறு முதல் திருப்பலியில் முன்வரிசையில் முழந்தாளிட்டு வந்தவர், கதவோரம் நின்று, இறுதி ஆசீருக்கு முன்பே வெளியேறத் தொடங்கினார்.

அடுத்த தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றேன். “பிறரைப் பற்றிப் பொறுப்பின்றிப் பேசினேன்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ள முயன்றேன். குருவானவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா?” என்றார். “இருக்கிறார், சாமி” என்றேன். “அப்படியானால் உங்கள் வேலை இங்கே முடியவில்லை” என்று சொல்லிப் பாவமன்னிப்பு அளித்தார்.

அவ்வார்த்தை என்னைத் தைத்தது. இறைவன் மன்னித்துவிட்டார் எனில் மீதம் என்ன இருக்கிறது? மீதம் உண்டெனில் அந்த மன்னிப்பு குறையுள்ளதா? நம்மில் பலர் இவ்விரு கேள்விகளுக்கும் இடையே வசதியான ஓரிடத்தில் குடியிருக்கிறோம். பாவத்தைச் சொன்னால் போயிற்று. பாதிக்கப்பட்டவர் பாடு அவரோடு.

தாவீதின் வரலாறு அங்கே நம்மைக் குடியிருக்க விடுவதில்லை. இறைவாக்கினர் நாத்தான் முன்னிலையில் அரசர் தம் பாவத்தை ஏற்றுக்கொண்ட கணமே மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. தவணையும் இல்லை, பேரமும் இல்லை. ஆயினும் உரியா போர்க்களத்திலிருந்து திரும்பி வரவில்லை. அவரைக் கொல்லச் சொல்லித் தாவீது எழுதிய மடல், உரியாவின் கையாலேயே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. (பிறந்த குழந்தை இறந்ததைப் பற்றிச் சொல்லும் பகுதி என்னை இன்றும் உறுத்துகிறது, அதை எளிதாக விளக்கிவிடுவோரை நான் நம்புவதில்லை.) மன்னிப்பு, தாவீதை மீண்டும் இறைவனோடு சேர்த்தது. நிகழ்ந்ததை நிகழாததாக்கவில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே கற்பிக்கிறது: அருட்சாதனம் பாவத்தை அகற்றுகிறது, பாவம் விளைவித்த சீர்கேடுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடுவதில்லை. பிறர் பெயரைக் கெடுத்தவர், களவுப் பொருளைத் திருப்பித் தருவதுபோல், அப்பெயரை மீட்டுத் தரக் கடமைப்பட்டவர் என்றும் அந்நூல் வேறோர் இடத்தில் வலியுறுத்துகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நம் முன்னோர் சொன்னார்கள். விதைப்பதையே அறுப்போம் என்று பவுல் அடிகளும் கலாத்தியருக்கு எழுதினார். ஆனால் இவ்வுண்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வோர் நம் ஆலயங்களிலும் உண்டு. ஒரு வீட்டில் குறையுள்ள குழந்தை பிறந்தால், “யார் செய்த பாவமோ” என்று முணுமுணுக்கும் வாய்கள், சற்றுமுன் செபமாலை சொன்ன வாய்களே. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு சீடர்கள் எழுப்பிய அதே கேள்வியை ஆண்டவர் அன்றே மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைக் குறித்தும், அவர்கள் மற்றவரைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்றார். பிறர் துன்பத்திலிருந்து பின்னோக்கி நடந்து அவர் பாவத்தைத் தேடும் உரிமை நமக்கு இல்லை. நம் செயலிலிருந்து முன்னோக்கி நடந்து அது யாரைக் காயப்படுத்தியது என்று தேடும் கடமையோ உண்டு. நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

1902-இல் இத்தாலியில் 11 வயதுச் சிறுமி மரிய கொரற்றியைக் கத்தியால் குத்தியவர் அலெக்சாந்தரோ செரெனெல்லி. சாகுமுன் அச்சிறுமி அவரை மன்னித்தார். சிறையில் மனம் மாறிய அவர் 27 ஆண்டுகளுக்குப் பின் விடுதலை பெற்றார். கொல்லப்பட்டவரே மன்னித்தாயிற்று, தண்டனையும் கழிந்தாயிற்று. ஆயினும் 1934-இல், கிறிஸ்துமஸ் காலத்தில், அவர் அச்சிறுமியின் தாயைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். மகளை இழந்த துயரோடு 32 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் அங்கே இருந்தாரே!

பேதுரு ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகே என்று யோவான் குறிப்பிடுகிறார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காக மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புத்தான். மும்முறை மறுத்த நாவிடம் மும்முறை அன்பு கேட்கப்பட்டது. மூன்றாம் முறை பேதுரு மனம் வருந்தினார். வருந்தாமல் அவரைக் கடத்திக் கொண்டுபோக ஆண்டவரால் முடியாதா என்ன? அச்சொற்கள் பிறந்த இடத்திற்கே அவரைத் திரும்ப அழைத்துச் சென்றுதான் ஆடுகளை அவரிடம் ஒப்படைத்தார்.

நான் உடனே போய்விடவில்லை. உயிர்ப்புப் பெருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதன்பின் மழை, அதன்பின் ஏதோ ஒரு திருமணம். ஒருநாள் மாலை துணிந்து அவர் வீட்டுப் படியேறினேன். அவர் துணைவியார் காப்பி கொண்டுவந்து வைத்தார். கூட்டத்தில் நான் கேட்டதைச் சொல்லி முடிக்கும்வரை பெரியவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரவையிலும் இதை நானே எழுந்து சொல்வதாகக் கூறினேன். அது அவர் செவியில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“நீங்களா தம்பி?” என்றார் கடைசியில்.

“ஆமாம் ஐயா.”

“மேலத்தெரு அருளப்பன் என்றல்லவா நினைத்தேன்! ஏறக்குறைய ஒரு வருடம் அவனோடு பேச்சில்லை. அவன் பேத்தி புதுநன்மைக்குக்கூட நான் போகவில்லை.”

எனக்குத் தெரியாத ஒரு வீடும் அந்தச் சொல்லின் வழியில் இருந்திருக்கிறது. அப்படி இன்னும் எத்தனை வீடுகளோ! பெரியவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அவன் இந்நேரம் வீட்டில்தான் இருப்பான்” என்று செருப்பைத் தேடினார்.

காப்பியைக் குடிக்காமலே நானும் எழுந்து அவர் பின்னால் நடந்தேன்.