ஒரே இழையில் இரண்டு முடி

சுருட்டை முடியை நேராக்கும் ரிலாக்ஸர் பூசிய முடி பிறகு ஒருநாளும் சுருளாது. அதிலுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம், முடிக்கு வடிவம் தருகிற கந்தகப் பிணைப்புகளை உடைத்து, பழையபடி கூட முடியாதவாறு மாற்றிவிடுகிறது. ஆனால் அதன் அதிகாரமெல்லாம் வெளியே வந்துவிட்ட முடியின் மேல்தான். தோலுக்கடியில் இருக்கும் வேர், மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, பிறவிச் சுருளோடே முடியை வளர்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கொரு தடவை சலூனுக்குப் போய் அடிமுடிக்கு மறுபூச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். அதை நிறுத்திவிட்டால், ஒரே இழையில் அடியில் நெருக்கமான சுருளும் நுனியில் கோரைமுடியுமாக இரண்டு முடி வளரும். இரண்டும் சேருகிற இடம்தான் முடியிலேயே நலிந்த இடம். சீப்பை அழுத்தி இழுத்தால் அங்கேதான் ஒடியும்.

நியூவார்க்கில் என்னோடு வேலை பார்க்கும் செவிலித் தோழி பூச்சை நிறுத்திச் சில மாதங்கள் ஆனபோது, சலூனுக்குத் துணைக்கு வரச் சொன்னாள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "நுனியை வெட்டியாகணும். அது ஒண்ணும் பெரிசில்லை. அங்கே போனா ‘வேண்டாம்’னு சொல்லணும். அதுக்குத்தான் பக்கத்துல ஒரு ஆள் வேணும்" என்றாள்.

நோயாளிகளின் உறவினர்கள் கூட்டமாக வந்து கத்தினாலும் குரல் உயர்த்தாமல் சமாளிக்கிறவள் அவள். அவளுக்கா இந்தத் தயக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. தலை ஈரமாக, கழுத்தைத் தொட்டியில் சாய்த்து, இன்னொருவர் கையில் முடியைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கும்போது மறுத்துப் பேசுவது யாருக்கும் சுலபமல்ல. அதற்கு முன் போன ஓர் இடத்தில், "இப்படியே விட்டா சிக்கு எடுக்கவே முடியாது, ஒரு கை பூசிவிட்டுடறேன்" என்றார்களாம். இயற்கை முடிக்கென்றே நடத்துகிற இன்னோர் இடத்தில், நேரானதையெல்லாம் மொத்தமாக வெட்டியெறி என்றார்களாம். அதற்கு ‘பிக் சாப்’ என்று பெயர். வெட்டத் தயங்கினால் உனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை என்று பொருள் கொள்கிறார்கள். நேர்மாறான இரண்டு புத்திமதிகள். இடைப்பட்ட தலையைப் பார்க்கப் பொறுக்காதது மட்டும் இரண்டுக்கும் பொது.

பூசிக்கொண்ட பெண்களைத் தங்களையே வெறுத்தவர்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த நெருக்கடிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர், சுதந்திரமான கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடிக் கட்டவேண்டும் என்று உத்தரவு போட்டார். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், இளவயதில் காரமும் உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்து தலையில் பூசி எரிச்சலில் துடித்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 2018 டிசம்பரில், எங்கள் நியூ ஜெர்சியிலேயே, சடைமுடி வைத்திருந்த ஒரு பள்ளி மல்யுத்த வீரனிடம், வெட்டிக்கொள் அல்லது தோற்றதாக ஒப்புக்கொள் என்றார் நடுவர். போட்டி அரங்கிலேயே எல்லோர் கண்முன்னாலும் அவன் முடியை வெட்டினார்கள். முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் முதன்முதலாகக் கலிஃபோர்னியாவில் 2019இல்தான் வந்தது. நியூ ஜெர்சியில் அதே ஆண்டின் கடைசியில். அதுவரை நேரான முடி பலருக்கு வேலைக்கான அனுமதிச்சீட்டாக இருந்தது. வாடகை கட்டவேண்டிய பெண்ணிடம் போய் அழகியல் பேசுவது நியாயமில்லை.

என் தோழிக்கு எட்டு வயதில் அவள் அம்மாதான் முதலில் பூசிவிட்டார். எரியுது என்று அழுதால், எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பாராம். அவளை நிறுத்த வைத்தது 2022இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் 33,000க்கு மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முடியை நேராக்கும் ரசாயனத்தை ஒருபோதும் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். ரசாயனம்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. அவளுக்கு அது போதும். அதைப் படித்த பிறகும் முடியின் நீளத்தை இழக்க அவளுக்கு மனமில்லை. இரண்டும் சேர்ந்தே ஒரு மனதில் இருக்கலாம் என்பதைத்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நாங்கள் போன சலூனின் சுவரில் இந்திய முடிப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்கின. இடைப்பட்ட மாதங்களில் பலர் அதை வைத்துத் தைத்துச் சொந்த முடியை மறைத்துக்கொள்கிறார்கள். திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அது கடல்கடந்து இந்த மாதிரிச் சந்தைகளுக்கு வருகிறது. நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் 2009இல் எடுத்த ஆவணப்படம் அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து இந்தியா வரைக்கும் வந்தது. திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டவள் நான். அகந்தையைக் கழிக்க நான் கொடுத்ததை, மரியாதையாக நடத்தப்படுவதற்காக இன்னொருத்தி விலைகொடுத்து வாங்குகிறாள் என்ற எண்ணம் நெஞ்சில் உறுத்தியது. அந்தச் சுவரை விட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தச் சலூனில் முடியைக் கவனித்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஹேர் டிரையரை எடுத்தார். என் தோழி என்னைப் பார்த்துவிட்டு, "சூடு வேண்டாம், மேம்" என்றாள். அதிகச் சூடு பட்டால் புதிதாக வந்த சுருளும் திரும்பாமலே போய்விடலாம். அவர் மறுபேச்சுப் பேசாமல் அதைக் கீழே வைத்தார். "நீளம் எவ்வளவு இருக்கணும் பேபி?" என்று மட்டும் கேட்டார். முடியை நாலைந்து பாகமாகப் பிரித்து, கண்டிஷனரை வழிய வழியப் பூசி, முதலில் விரலால் சிக்கெடுத்தார். பிறகு பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வந்தார். இரண்டு முடியும் சேருகிற இடம் வரும்போதெல்லாம் அதற்கு மேலே மற்றக் கையால் பிடித்துக்கொண்டார், இழுப்பு அந்த இடத்தில் விழாதபடி. பிறகு ஈரத்தோடு இரண்டிரண்டு புரியாக முறுக்கிவிட்டார். காய்ந்து பிரித்தால் அடியும் நுனியும் ஒரே வளைவாகத் தெரியும். இதற்கு ஒரு தனித் தேர்ச்சி வேண்டும். சுருட்டை முடியைத் தொடாமலே அழகுக்கலைப் படிப்பை முடித்துவிட முடிந்த நாட்டில், அதைப் பாடத்தில் கட்டாயமாக்கும் சட்டத்தை நியூயார்க் 2023இல்தான் கொண்டுவந்தது.

கல்யாணத்தை விட்டு வெளியே வந்தவளிடம், நல்ல வேலையை விட்டவனிடம், ஊர் மாறியவர்களிடம் நாம் உடனே கேட்பது "அடுத்து என்ன?" என்பதுதான். அக்கறையாகத்தான் கேட்கிறோம். ஆனாலும் அந்தக் கேள்விக்குள்ளே ஓர் அவசரம் இருக்கிறது. அவர்கள் தீர்மானமில்லாமல் நிற்பதை நம்மால் தாங்க முடியவில்லை. அந்த அம்மாளோ என் தோழியின் முடிவைக் கேட்கவில்லை. இன்றைக்கு இருக்கிற முடியை, இருக்கிறபடியே, ஒடியாமல் பார்த்துக்கொண்டார். பழைய பாதிக்கும் புதிய பாதிக்கும் ஒரே கண்டிஷனர், ஒரே பொறுமை.

பணம் கொடுக்கும்போது அடுத்து எப்போது வருவது என்று தோழி கேட்டாள். எட்டு வாரம் கழித்து வா, அன்றைக்கு எவ்வளவு வெட்ட உனக்கு மனசிருக்கோ அவ்வளவு வெட்டலாம் என்றார். ஒரு விரற்கடை போதும் என்று அங்கேயே சொல்லிவிட்டுத் தேதி குறித்துக்கொண்டாள்.